ரோட்டாரும் சரணாகதியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் வடக்குத் தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. இத்தனை நீளத்திலும் விமானம் இறங்க ஓடுபாதை இருப்பது நான்கே இடங்களில்: போர்ட் பிளேர், டிக்லிபூர் பக்கத்து ஷிப்பூர், கார் நிக்கோபார், தென்கோடியில் கேம்பல் பே. மற்ற தீவுகளுக்குக் கப்பல்தான் கதி. மாரடைப்பு வந்தவருக்கும் பிரசவம் சிக்கலான பெண்ணுக்கும் கப்பல் வந்து சேரும்வரை பொறுக்க முடியாது. அப்போது கேட்பது ஹெலிகாப்டரைத்தான்.

தலைநகரை ஒட்டிய பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளில் இந்த இரண்டு வகைப் பறத்தலும் அன்றாடச் சங்கதி. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து வரும் விமானம் தூரத்திலேயே உயரத்தைக் குறைத்துக்கொண்டு, ஓடுபாதையை நோக்கி ஒரே சாய்வில் இறங்கும். நடுவில் நிற்க அதற்கு வழியில்லை. தீவுகளுக்கிடையே பறக்கும் பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் டாஃபின் ஹெலிகாப்டரோ மைதானம் அளவு இடம் கிடைத்தால் போதும், அந்தரத்தில் நின்று, பிறகு தரையைத் தொடும். வானில் நிலைபெற இரண்டும் கையாளும் வழிகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், தமிழ் வைணவம் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வரும் ஒரு கேள்விக்குள் நுழைந்துவிடலாம். மனிதன் தன் முயற்சியால் கரையேறுகிறானா, முயற்சியை விட்டுச் சரணடைந்து கரையேறுகிறானா?

முதலில் விமானம். இறக்கை உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டது. அதன் மேலும் கீழும் காற்று வேகமாக ஓடினால்தான் தூக்குவிசை பிறக்கும். ஆகவே முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்கு விதி. அந்த விதிக்கு உட்பட்டிருக்கும்வரை காற்றே அதைப் பார்த்துக்கொள்கிறது. பயணிகள் விமானத்தில் எடையின் மையம் தூக்குவிசையின் மையத்துக்குச் சற்று முன்னால் இருக்குமாறு அமைக்கிறார்கள். வாலில் உள்ள சிறு இறக்கை அதைச் சமன்செய்கிறது. ஒரு காற்றடி மூக்கைத் தூக்கிவிட்டால், வால்பக்கம் பாயும் காற்றே அதைத் திரும்பத் தாழ்த்திவிடும். விமானத்தைச் சரியான வேகத்தில் சமனாக்கிவிட்டு விமானி கையை எடுத்தால், தெளிந்த வானில் அது தன் போக்கில் பறந்துகொண்டிருக்கும். எய்லரான், எலிவேட்டர், ரட்டர் ஆகிய மூன்று மடிப்புகளும் திசையை மாற்றுவதற்கே முக்கியமாகத் தேவை. விழாமல் இருப்பதற்கு அவற்றை ஓயாமல் அசைக்க வேண்டியதில்லை.

ஹெலிகாப்டரில் இறக்கையே சுழல்கிறது. டாஃபினின் தலைமேல் நான்கு அலகுகள்; அவை சேர்ந்ததே ரோட்டார். விமானியின் இடது கையில் இருப்பது கலெக்டிவ் என்னும் நெம்புகோல். அதை உயர்த்தினால் நான்கு அலகுகளும் ஒருசேரத் திரும்பிக் காற்றை அதிகமாக வெட்டும், ஹெலிகாப்டர் எழும். வலது கையில் சைக்ளிக். அதைச் சாய்த்தால் ஒவ்வோர் அலகும் சுற்றுப்பாதையின் ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் காற்றை வெட்டும். சுழல்தட்டு முழுவதும் சாயும். சாய்ந்த பக்கம் ஹெலிகாப்டர் நகரும். கால்களில் இரண்டு பெடல்கள். ரோட்டார் ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். வாலில் உள்ள விசிறி அதைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த விசிறியின் தள்ளலைக் கூட்டிக் குறைப்பது பெடலின் வேலை.

இதில் ஒன்றைத் தொட்டால் மற்றவை கலைகின்றன. டாஃபினின் ரோட்டார் மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளின் திசையில் சுழல்வது. விமானி கலெக்டிவைச் சற்று உயர்த்துகிறார்; உடனே மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. வலது பெடலை அழுத்துகிறார். மூக்கு நேராகிறது, ஆனால் வால்விசிறியின் தள்ளலால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நழுவுகிறது. சைக்ளிக்கைச் சாய்த்து நழுவலை நிறுத்துகிறார். சாய்ந்த ரோட்டாரின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் செலவாகிறது, உயரம் குறைகிறது. மறுபடியும் கலெக்டிவ். போதாக்குறைக்கு, சுழலும் பொருளின் இயல்புப்படி, அலகின் மேல் செலுத்திய விசையின் பலன் ஏறத்தாழக் கால் சுற்று தாண்டித்தான் வெளிப்படும். வினை ஓரிடம், பயன் வேறிடம் என்பது அந்த ரோட்டாருக்குள் இயந்திரவியல் உண்மை. வடிவமைப்பாளர்கள் அதைக் கணக்கிட்டுத்தான் கட்டுப்பாட்டுத் தண்டுகளை முன்கூட்டியே திருப்பி இணைத்திருக்கிறார்கள்.

அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் காற்று எதுவும் செய்வதில்லை. சிறிது விலகினால் மேலும் விலகும். இன்றைய ஹெலிகாப்டர்களில் தானாக நிலைப்படுத்தும் கருவிகள் உண்டு; அவையும் செய்வது அதே இடையறாத திருத்தத்தைத்தான், விமானியின் கைக்குப் பதிலாக. தரையில் நிற்பவர் கண்ணுக்கு ஆணியடித்தது போல அசையாமல் தெரிகிற அந்த நிலை, உள்ளே நொடிக்கு நொடி நடக்கும் சிறுசிறு அசைவுகளால் ஆனது. கீதையின் நான்காம் அத்தியாயம் செயலின்மைக்குள் செயலைக் காண்பவனை அறிவாளி என்கிறது. சும்மா இருப்பதன் அருமையை அருணகிரிநாதரும் தாயுமானவரும் திரும்பத் திரும்பப் பேசினார்கள். அவர்கள் சொன்ன அசைவின்மை சோம்பல் இல்லை என்பதை விளக்க உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கமோர்த்தாவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு வடக்கே திரும்பும் ஹெலிகாப்டரில் அந்த உரை முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது.

இதோடு நிறுத்தினால் ஹெலிகாப்டர் முயற்சியின் பக்கம், விமானம் அருளின் பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிடலாம். வைணவ மரபில் இதே பிரிவினைக்கு இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாயே வாயால் கவ்வி எடுத்துப் போகிறது. முன்னதை வடகலைக்கும் பின்னதைத் தென்கலைக்கும் அடையாளமாகச் சொல்வார்கள். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இறைவனின் கிருபைக்குக் காரணம் எதுவும் தேவையில்லை என்று நிலைநாட்டினார். சரணடைகிற செயலைக்கூட உபாயமாக எண்ணலாகாது, உபாயம் இறைவன் ஒருவனே என்பது அவர் கட்சி. சுமார் நூறாண்டு வாழ்ந்து 1369-இல் மறைந்ததாகச் சொல்லப்படும் வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயசாரத்தில் வேறுவிதமாக நிறுத்தினார். மோட்சம் தருவது இறைவனே. ஆனால் ஒருவனுக்குத் தந்து இன்னொருவனுக்குத் தராமலிருப்பது பட்சபாதம் ஆகாதிருக்க, ஜீவனிடமிருந்து சிறிய சாக்காவது வேண்டும். அதை அவர் வியாஜம் என்றார்.

வள்ளுவரிடமும் இந்த இழுபறி இருக்கிறது. ஊழ் அதிகாரம் விதியைவிட வலியது எது என்று கேட்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரம் தளராத முயற்சிக்கு முன் விதியும் பின்வாங்கும் என்கிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர், இரண்டுக்கும் நடுவே ஒரு குறளை எழுதிச் சமாதானம் செய்து வைக்கவில்லை.

ஹெலிகாப்டரின் இன்ஜின் நின்றுபோகும் கணத்தில் இந்தப் பிரிவினை உடைகிறது.

அந்தக் கணத்தில் மனிதக் கை செய்ய விரும்புவது ஒன்றே: கலெக்டிவை மேலே இழுப்பது. விழும்போது மேலே போக நினைப்பது இயல்பு. ஆனால் இழுத்தால் அலகுகள் காற்றை இன்னும் பலமாக வெட்டும். தள்ளும் இன்ஜின் இல்லாததால் சுழற்சி வேகம் சரியும். ஓர் எல்லைக்குக் கீழே சரிந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. சரியான செயல் இதற்கு எதிரானது. நெம்புகோலைக் கீழே அழுத்தி, உயரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சிறிய ஹெலிகாப்டர்களில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஓரிரு நொடிகள். டாஃபின் போன்றவற்றில் இரண்டு இன்ஜின்கள் இருப்பதால் இந்த நிலை அரிது; ஆனால் எந்த ஹெலிகாப்டர் விமானியும் இந்தப் பயிற்சி இல்லாமல் உரிமம் பெறுவதில்லை.

நெம்புகோல் தாழ்ந்ததும் அலகுகள் தட்டையாகின்றன. ஹெலிகாப்டர் விழுகிறது, விழுவதால் கீழிருந்து காற்று ரோட்டாருக்குள் மேல்நோக்கிப் பாய்கிறது. அலகின் நடுப்பகுதியை அந்தக் காற்று முன்னோக்கி இழுக்கிறது. நடுப்பகுதி பெற்ற அந்த விசையால் நுனிப்பகுதியும் சுழல்கிறது, தூக்குவிசை தருகிறது. இன்ஜின் செய்த வேலையை இப்போது வீழ்ச்சியே செய்கிறது. அந்தமான் காடுகளில் உயர்ந்து நிற்கும் கர்ஜன் மரத்தின் காய் இரண்டு நீண்ட சிறகுகளோடு சுழன்று சுழன்று இறங்குவதும் இந்த விதிப்படிதான். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ஹெலிகாப்டர்கள் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, 1923 ஜனவரியில் ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியேர்வா பறக்கவிட்ட ஆட்டோஜைரோ, இன்ஜினால் சுழற்றப்படாத ரோட்டாரைக் கொண்டே வானில் பறந்தது.

ஆனால் கையை விட்டதோடு கதை முடிவதில்லை. இறங்கும் வழியெல்லாம் விமானி ரோட்டாரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னோக்கிய வேகத்தையும் காக்க வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைக்க வேண்டும். கடைசியாக, சுழலும் அலகுகளில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டு கலெக்டிவை உயர்த்தி மெல்ல அமர வேண்டும். அந்த ஆற்றல் ஒருமுறைக்குத்தான் போதும். முன்பு இழுத்திருந்தால் கொன்றிருக்கும் அதே கை அசைவு, இப்போது இழுக்கும்போது காப்பாற்றுகிறது.

விமானத்துக்கும் இந்தப் பாடம் உண்டு. அதைக் கற்க நேர்ந்த விலை பெரியது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்றுகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. தானியங்கிக் கருவி விலகிக்கொண்டது. இன்ஜின்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன; இறக்கைகளில் பழுதில்லை. இருட்டிலும் குழப்பத்திலும் துணை விமானி கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுத்தார், மூக்கு உயர்ந்தது, வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. எச்சரிக்கை பலமுறை ஒலித்தும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கும் செயல் நிலையாக நடக்கவில்லை. நாலரை நிமிடத்துக்குள் 228 பேரோடு விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அந்த விமானி அறையில் இருந்தவர்கள் தேர்ந்தவர்கள். உயிர் பயத்தில் மேலே இழுக்கும் கை எந்த மனிதனுக்கும் உரியது. தாழ்த்து என்று அறிவு சொல்வதை அந்தக் கை கேட்பதுதான் அரிது.

இங்கிருந்து லோகாசாரியரையும் தேசிகரையும் திரும்பப் படித்தால் இருவர் சொன்னதும் துலங்குகிறது. நெம்புகோலைத் தாழ்த்துவது ஹெலிகாப்டரைத் தாங்குவதில்லை; தாங்குவது காற்று. தாழ்த்தியதற்குக் கூலியாகக் காற்று வரவும் இல்லை, அது முன்பே அங்கே இருந்தது. இது லோகாசாரியரின் பக்கம். தாழ்த்தாமல் போனால் அதே காற்று பயன்படாது. இது தேசிகரின் வியாஜம். பூனைக்குட்டியிடம் ஒருவர் கேட்டது எதிர்க்காமல் இருப்பதை. குரங்குக் குட்டியிடம் மற்றவர் கேட்டது பற்றிக்கொள்வதை. ஓரிரு நொடியில் நெம்புகோலைக் கீழே அழுத்தும் கை இரண்டையும் ஒன்றாகவே செய்கிறது. சரணாகதி முயற்சிக்கு எதிர்ப்பதம் என்று பட்டிமன்றங்களில் பேசுவது சரியில்லை. அது முயற்சிகளிலெல்லாம் கடினமானது. உயிராசையின் இயல்பான ஓட்டத்துக்கு எதிராகச் செய்ய வேண்டியது. காலம் தவறினால் பலிக்காதது.

கஜேந்திரன் கதையை மரபு இப்படித்தான் வாசித்தது. முதலை கவ்விய யானை நெடுங்காலம் தன் பலத்தால் இழுத்துப் பார்க்கிறது. பலம் முழுதும் ஓய்ந்து, துதிக்கையில் தாமரையை உயர்த்திக் கூப்பிட்ட பிறகே திருமால் வருகிறார். கும்பகோணம் பக்கத்துக் கபிஸ்தலத்தில் இந்த வரலாற்றைத் தலபுராணமாகவே சொல்கிறார்கள். திரௌபதி ஒரு கையால் சேலையைப் பற்றிக்கொண்டிருந்தவரை வராத உதவி, இரு கைகளையும் உயர்த்தியபோது வந்தது என்று உபன்யாசகர்கள் சொல்வார்கள். சரணாகதிக்கு மரபு வகுத்த அங்கங்களில் கார்ப்பண்யம் ஒன்று: தன்னால் ஆகாது என்று உணர்தல். மகாவிசுவாசம் இன்னொன்று: காப்பான் என்ற அசையாத நம்பிக்கை. முதலாவது இல்லாதவர் நெம்புகோலை விடமாட்டார். இரண்டாவது இல்லாதவர் விட்ட பிறகு பதறிப்போய்த் திரும்ப இழுத்துவிடுவார்.

ஹெலிகாப்டரை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையான இகோர் சிக்கோர்ஸ்கி இந்தக் கேள்வியை அறியாதவர் இல்லை. அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து, புரட்சிக்குப் பின் 1919-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1939 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் அவரது வி.எஸ்-300, கட்டிய கயிறுகளோடு முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1942-இல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். வனாந்தரத்தில் கிறிஸ்துவுக்கு வந்த சோதனைகளைப் பற்றி 1947-இல் இன்னொன்று. தன் விருப்பத்தை ஒப்புக்கொடுக்கும் வேண்டுதலை நடுவில் கொண்ட ஜெபத்தைப் பற்றி எழுதிய அதே ஆண்டுகளில், அவர் பட்டறையில் ரோட்டார் கட்டுப்பாட்டை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார். ஒன்று மற்றதற்கு இடையூறாக இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு தடை நிற்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மை ஆகாது. காற்றுக்குக் கருணை இல்லை. நல்லவருக்கும் கெட்டவருக்கும் அது ஒரே விதமாகத்தான் தூக்குவிசை தரும். வைணவர் சொல்லும் அருளோ ஒருவர் தருவது. கேட்பவரின் குரல் அவர் காதில் விழும் என்பது அந்தச் சமயத்தின் உயிர்நாடி. அப்படியானால் 2004 டிசம்பர் 26 அன்று நிக்கோபாரில் எழுந்த குரல்கள் என்னவாயின?

அன்று காலை சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. தீவுகளின் தென்கோடியான இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நின்ற நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கடலுக்குள் இறங்கியது. கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தை அலை புகுந்து வாரியது. படையினரும் குடும்பத்தாருமாக அங்கே மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அலைக்கு மிக அதிகமானோரைப் பறிகொடுத்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. மாண்டவர்களில் தேவாலயத்தில் மண்டியிட்டுப் பழகிய நிக்கோபாரியர்கள் இருந்தார்கள், முருகனைக் கும்பிட்ட தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் கூப்பிடவில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆசாரியர்கள் இருவரும் சரணாகதியின் பலனாகச் சொன்னது மோட்சத்தை. ஆபத்திலிருந்து உயிர் தப்புவதை அவர்கள் அதன் அளவுகோலாக வைக்கவில்லை. ஹெலிகாப்டரிலும் நெம்புகோலைத் தாழ்த்தியவர் வானில் நீடிப்பதில்லை. இறங்குவது உறுதியாகிவிட்டது, எப்படி இறங்குவது என்பதே மீதியிருக்கும் கேள்வி. இந்த விடை கச்சாலில் பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் முன்னால் நின்று பேசக்கூடிய ஆறுதல் இல்லை. ஆயினும் கூப்பிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று பேரம் பேசும் பக்தியைவிட இது உண்மைக்குக் கிட்ட இருக்கிறது. பேரம் பேசும் பக்தி, பிழைக்காதவர்களைச் சரியாகக் கூப்பிடாதவர்கள் என்று ஆக்கிவிடும். அந்த அநியாயத்துக்கு இரு கலையிலும் இடமில்லை.

விமானி அறையும் மடமும் பிரியும் இடம் இன்னொன்று உண்டு. ஆட்டோரொட்டேஷனை விமானிகள் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். பழகாத கை கணத்தில் தவறிவிடும் என்பதால். சரணாகதியோ வாழ்வில் ஒரே ஒருமுறை செய்வது. எத்தனையோ விஷயங்களில் மாறுபடும் வடகலையும் தென்கலையும் இதில் ஒன்றுபடுகின்றன. திரும்பச் செய்தால் முதல் முறை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படியென்றால் சரணடைந்தவருக்கு மீதி நாள்களில் என்ன வேலை? இரு கலையும் தரும் விடை கைங்கரியம்: பலனை எதிர்பாராத தொண்டு. தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு கையை விட்டுப் போன பிறகு, கை மற்றவர்களுக்காகும்.

2004-இன் கடைசி வாரத்தில் நிக்கோபார் தீவுகளின் படகுத்துறைகள் பலவும் உடைந்துகிடந்தன. கப்பல்கள் கரை அணைய முடியவில்லை. கார் நிக்கோபார் ஓடுபாதையில் மிஞ்சியிருந்த பகுதியில் விமானங்கள் அரிசியும் குடிநீரும் மருந்தும் கொண்டுவந்து இறக்கின. ஓடுபாதை இல்லாத கரைகளுக்கு அவற்றை எடுத்துப் போனவற்றிலும், காயம்பட்டவர்களை ஏற்றி வந்தவற்றிலும் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் முன்னால் நின்றன. தன் ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்திருந்த தளம், அந்த வாரங்களில் நிக்கோபாரின் நிவாரணத்துக்கு மையமாக இருந்தது.